நாக்கு செத்த ஊரில் பனை பிழைக்குமா?

வயதான டெக்கீலாவை எப்படிக் குடிப்பது என்று வகுப்பெடுக்கும் ஆட்கள் இப்போது திருநெல்வேலியிலும் முளைத்துவிட்டார்கள். பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தால் போதும், அந்தப் பட்டம் தானாகக் கிடைத்துவிடுகிறது. உப்பை நக்கி, எலுமிச்சையைக் கடித்து, ஒரே மடக்கில் உள்ளே தள்ளுவது காட்டான் வேலையாம். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம்போல ஊற்ற வேண்டும். ஐஸ் கூடாது. கோப்பையை லேசாகச் சுழற்றி மோந்து பார்க்க வேண்டும். முதல் மிடறு நாக்கை நனைக்க மட்டும். இரண்டாவது மிடறில்தான் விஷயமே இருக்கிறதாம். வெந்த கற்றாழையின் இனிப்பு முதலில் வரும். அப்புறம் பீப்பாய் மரம் கொடுத்த வெனிலா, பட்டை, காய்ந்த பழம். கடைசியில் விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்று பேசும் ஒரு மணம்...

கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை. சொல்வது அத்தனையும் சரிதான். நல்ல பொருளை அப்படித்தான் ருசி பார்க்க வேண்டும்.

கேள்வி வேறு. இத்தனையும் பேசுகிற அதே ஆள், மறுநாள் காலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காபி குடிக்கிறார். அந்தக் கருப்பட்டியில் பாதிக்குப் பாதி சீனி. அது அவர் நாக்குக்குத் தெரிவதில்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் எவனோ பீப்பாயில் போட்டு வைத்ததில் வெனிலா எங்கே, பட்டை எங்கே என்று பிரித்துச் சொல்லத் தெரிகிற நாக்குக்கு, உடன்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த பொருள் அசலா போலியா என்று தெரியவில்லை. அவரைச் சொல்லி என்ன செய்ய? அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் அது என்று சொன்னவர்களும் இல்லை.

ருசி பார்ப்பது காசுள்ளவன் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். அது தப்பு. ருசி பார்ப்பது ஒரு காவல் வேலை. அந்தக் காவல் இல்லாத ஊரில் அசல் பொருள் செய்கிறவன் தோற்பான், கலப்படக்காரன் ஜெயிப்பான். தாமிரபரணிக் கரையைச் சுற்றி இன்றைக்கு நடந்துகொண்டிருப்பது அதுதான்.

முதலில் அந்த டெக்கீலாவையே எடுத்துக்கொள்ளலாம். அந்த வயதான சரக்குக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

டெக்கீலா என்பது மெக்சிகோவில் நீலக் கற்றாழையிலிருந்து வடிப்பது. இங்கே வேலிக்கு வைக்கும் ஆனைக் கற்றாழைக்கு அது ஒரு விட்ட சொந்தம். நட்டு ஆறு முதல் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். பிறகு ஓலையைச் சீவி, நடுவிலுள்ள கிழங்கு மாதிரியான பாகத்தை வெட்டி, வேகவைத்து, பிழிந்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். வெட்டியதோடு அந்தச் செடியின் கதை முடிந்தது. வடித்ததை ஓக் பீப்பாயில் குறைந்தது இரண்டு மாதம் வைத்தால் ரெப்போசாடோ. 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் ஒரு வருஷம் வைத்தால் அன்யேஹோ. மூன்று வருஷம் வைத்தால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. இந்தக் கடைசி வகை 2006-ல்தான் சட்டத்துக்குள் வந்தது. டெக்கீலா என்ற பெயருக்கே 1974 முதல் பிறப்பிடப் பாதுகாப்பு உண்டு. ஹலிஸ்கோ மாநிலத்திலும், இன்னும் நான்கு மாநிலங்களில் குறிப்பிட்ட பகுதிகளிலும் செய்தால் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். 1994 முதல் அதைக் கண்காணிக்க ஒரு கவுன்சிலே இயங்குகிறது.

ஆஹா, என்ன ஒழுங்கு என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

அதே சட்டத்துக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. சர்க்கரையில் 51 சதவீதம் கற்றாழையிலிருந்து வந்தால் போதும், டெக்கீலா என்று எழுதிக்கொள்ளலாம். மீதி 49 சதவீதம் கரும்புச் சர்க்கரையாகவே இருக்கலாம். அதோடு நிற்கவில்லை. முழுக்கக் கற்றாழையில் செய்ததிலும்கூட சொற்ப அளவில் கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு சேர்க்க அனுமதி உண்டு. அளவு சொற்பம் என்றால் லேபிளில் சொல்ல வேண்டியதும் இல்லை. அதாவது மூன்று வருஷம் பீப்பாயில் தூங்கி வந்த நிறத்தையும் மணத்தையும் ஒரு கரண்டி பாகு ஓரளவுக்கு நடித்துக் காட்டிவிடும்.

சட்டம் விட்ட இந்த இடத்தை அங்கே நாக்கு பிடித்துக்கொண்டது. குடிக்கிறவர்கள் விவரமானார்கள். '100 சதவீதம் கற்றாழை' என்று பாட்டிலில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, பிசுபிசுப்பு நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். வெனிலா ஐஸ்கிரீம் மாதிரி மணத்தால் சந்தேகப்படுகிறார்கள். பீப்பாய் மணம் கற்றாழையை அமுக்கிவிட்டால், "இது டெக்கீலாவா, மரச்சாறா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் இருப்பதால்தான் அசலாகச் செய்கிறவனுக்கு அசல் விலை கிடைக்கிறது.

இதை வணிகவியல் பாஷையில் சொன்னால் இன்னும் சுருக்கமாக விளங்கும். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். அவர் சொன்னது இவ்வளவுதான். விற்பவனுக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? எல்லாம் நடுத்தரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குக் கட்டாது. அவன் சந்தையை விட்டுப் போய்விடுவான். மட்டமான சரக்கு மட்டும் தங்கும். அது தெரிந்ததும் வாங்குபவன் விலையை இன்னும் குறைப்பான். கடைசியில் சந்தையில் மட்டத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

பழைய காருக்குப் பதில் கருப்பட்டி என்று போட்டு, மேலே உள்ள பத்தியை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர்தான். ஆற்றுத் தண்ணீர் ஏறுகிற இடமெல்லாம் நெல்லும் வாழையும். ஏறாத இடமெல்லாம் பனை. நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் என்று தெற்கும் கிழக்கும் போகப் போக மண் சிவந்து தேரியாகிறது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை இது அத்தனையும் ஒரே திருநெல்வேலிதான். ஆறு வளர்த்த திருநெல்வேலியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. ஆறு எட்டாத திருநெல்வேலியை வளர்த்தது பனை. அதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

காலக் கணக்கில் பார்த்தால் டெக்கீலா பனையின் பக்கத்திலேயே நிற்க முடியாது. "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்ற பழமொழி சும்மா வரவில்லை. பனை பாளை விட 15, 20 வருஷம் ஆகும். வைத்தவன் பார்ப்பதோடு சரி, பலன் மகனுக்கும் பேரனுக்கும்தான். ஆனால் ஒருமுறை பாளை விட்டுவிட்டால் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும். கற்றாழை மாதிரி வெட்டிப் போட்டுவிட்டு வேறு நட வேண்டியதில்லை. இது வயதான சரக்கு இல்லையென்றால் வேறெதை அப்படிச் சொல்வது?

செய்கிற வேலையையும் பாருங்கள். பனையேறி விடியுமுன் எழுந்திருக்கிறார். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, அரிவாளால் மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். பாளை சீவுவதை ஒருநாள் விட்டால் சாறு நின்றுபோகும். அதனால் சீசனில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, திருவிழா கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஒரு நாளைக்கு ஒவ்வொரு மரத்திலும் இரண்டு முறையாவது ஏறி இறங்க வேண்டும். கால் தவறினால் கீழே மணலும் இல்லை, மெத்தையும் இல்லை. இறக்கின பதநீரை விடிலியில் பெண்கள் வட்டக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். கோடை வெயிலில், ஓலைக் கூரைக்குள், அடுப்புக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்க வேண்டும். பதம் ஒரு நிமிஷம் தப்பினால் கருகும், ஒரு நிமிஷம் முந்தினால் உறையாது. அந்தப் பதம் கண்ணுக்கும் கைக்கும்தான் தெரியும், எந்தப் புத்தகத்திலும் இல்லை. பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டினால் கருப்பட்டி. சுமார் எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ தேறும்.

இந்தப் பொருளை ருசி பார்க்க எந்தக் கோப்பையும் வேண்டாம். ஒரு துண்டு உடைத்துப் பாருங்கள். உடைந்த இடம் கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுத்தால் சந்தேகப்படலாம். அசல் கருப்பட்டி மங்கலாகத்தான் இருக்கும். மோந்து பாருங்கள். விடிலிப் புகை லேசாக வர வேண்டும். வாயில் போட்டுக் கடிக்காமல் கரையவிடுங்கள். முதலில் வருவது இனிப்பு, அதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பின்னால் துளி கரிப்பு வரும், சுண்ணாம்பும் மண்ணும் கொடுத்தது. அதற்கும் பின்னால் ஒரு மெல்லிய கசப்பு வரும், அடுப்பு கொடுத்தது. கரைந்து முடிந்த பிறகும் தொண்டையில் கொஞ்ச நேரம் ஒரு கனம் நிற்கும். சீனி கலந்ததில் இந்த வரிசை கிடையாது. பளீரென்று தித்திக்கும், உடனே காணாமல் போகும். அவ்வளவுதான்.

வயதானது என்ற பேச்சு இதிலும் உண்டு. தெற்கத்தி வீடுகளில் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற மாதிரி வைப்பார்கள். கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் விட்டால் கசிந்து ஒழுகும். புகையும் சூடும் அதைக் காயவைக்கும். நாளாக ஆக நிறம் கறுக்கும், முரட்டு இனிப்பு அடங்கும். பழங்கருப்பட்டிக்குத் தனி மதிப்பு இருந்தது. மருந்து இடிக்கிற பாட்டிமார் அதைத்தான் தேடுவார்கள். பீப்பாய் இல்லை, லேபிள் இல்லை, வருஷக் கணக்கு எழுதிய சீட்டு இல்லை. பரண் இருந்தது, நாக்கு இருந்தது. காஸ் அடுப்பு வந்ததும் பரண் போயிற்று. பரண் போனபின் அந்த நாக்கும் போயிற்று.

திருநெல்வேலி நாக்குக்கு அவ்வளவு நுணுக்கம் ஏது என்று யாரும் சொல்ல முடியாது. அல்வா விஷயத்தில் இந்த ஊர் நாக்கைப் பாருங்கள்! இன்றைக்குக் கிண்டியதா நேற்றையதா, நெய் எது, கோதுமைப் பால் சரியாகப் புளித்ததா என்று வாழையிலைத் துண்டை வாயருகில் கொண்டுபோனதும் தீர்ப்பு வந்துவிடும். "அல்வாவுல டால்டா வாடை அடிக்கி அண்ணாச்சி" என்று ஒருத்தர் சொன்னால் கடைக்காரர் முகம் சுருங்கிப் போகும். அந்தப் பயம்தான் அல்வாவின் தரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதே ஆட்கள் பக்கத்து மளிகைக்கடைக்குப் போனால் நடக்கிற உரையாடலைக் கேளுங்கள்.

"அண்ணாச்சி, கருப்பட்டி நல்லா இருக்குமா?"

"நயம் சரக்கு தம்பி. உடன்குடி."

"ஒரு கிலோ போடுங்க."

முடிந்தது. ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. அல்வாவுக்கு நீதிபதியாக நிற்கிறவர் கருப்பட்டிக்கு வாயில்லாப் பூச்சி.

இந்த மௌனத்தில்தான் சீனி மூட்டை உள்ளே வருகிறது. சீனி கிலோ ஐம்பது ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கும். அசல் கருப்பட்டி அதைப் போலப் பல மடங்கு. பதநீரில் சீனியைக் கொட்டிக் காய்ச்சினால் விறகு மிச்சம், நேரம் மிச்சம், எடை கூடும், உறைவதும் சுலபம். பதநீரே இல்லாத சீசனிலும் பழைய கருப்பட்டியை உருக்கி, சீனியைச் சேர்த்துப் புதுசாக ஊற்றிவிடலாம். வருஷம் பூராவும் 'நயம் சரக்கு' தயார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கருப்பட்டி ஆலைகளில் புகுந்து சீனி மூட்டைகளைப் பறிமுதல் செய்ததாகச் செய்தி அவ்வப்போது வருகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. சீனி மூட்டை அடங்குவதில்லை.

இதில் பனையேறியை மட்டும் திட்டுவது அநியாயம். "கருப்பட்டி ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு, ஏன் இவ்ளோ விலை?" என்று கேட்டுக் கேட்டு, வெளுத்த, மலிவான, கல்லு மாதிரியான கருப்பட்டியை விரும்பி வாங்கியது வாங்குகிறவர்கள்தான். அசலைக் காய்ச்சுகிறவருக்குச் சந்தையில் கிடைக்கும் விலை, கலப்படக்காரனுக்குக் கிடைக்கும் அதே விலை. ஒருத்தர் மரத்தில் உயிரைப் பணயம் வைக்கிறார், இன்னொருத்தர் கடையில் மூட்டையை அவிழ்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்றால் யார் மரம் ஏறுவார்? பனையேறி மகன் திருப்பூருக்கோ துபாய்க்கோ பஸ் ஏறுகிறான். ஆள் ஏறாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. பனையை அழித்தது யார் என்று மேடை மேடையாகத் தேடுகிறார்கள். தித்திப்பு இருந்தால் போதும் என்று இருந்துவிட்ட நாக்கை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

இன்னொரு கூட்டம் உண்டு. பாரம்பரியக் கூட்டம். நெடுஞ்சாலையில் எங்கே பார்த்தாலும் 'கருப்பட்டிக் காபி' போர்டு. மண் குவளை, பித்தளைச் சொம்பு, பனையோலைத் தோரணம் எல்லாம் இருக்கும். கருப்பட்டி இருக்குமா என்பது மட்டும் கேள்விக்குறி. அத்தனை கடைகளுக்கும் வருஷம் பூராவும் அசல் கருப்பட்டி ஊற்ற இருக்கிற பனையேறிகளால் முடியுமா என்று யாராவது ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தார்களா? காரை நிறுத்தி, குவளையோடு ஒரு போட்டோ எடுத்து, 'நம்ம பாரம்பரியம்' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். பாரம்பரியத்தின் மேல் இருக்கும் பாசத்தில் கால்வாசி ருசியின் மேல் இருந்திருந்தால் பாதிக் கடைகளில் காபியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

உடன்குடிக் கருப்பட்டிக்குத்தான் புவிசார் குறியீடு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, சந்தோஷம். குறியீடு பெயருக்குத்தான் வேலி போடும். அந்தப் பெயர் போட்ட பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆளும் சோதனையும் வேண்டும். டெக்கீலாவுக்குப் பெயர்ப் பாதுகாப்பு வந்தது 1974-ல். ஆலையைக் கண்காணிக்கும் கவுன்சில் வந்தது 20 வருஷம் கழித்து. அதற்குப் பிறகும் நாக்குக்கு வேலை இருக்கிறது. இங்கே கவுன்சிலும் இல்லை, நாக்கும் இல்லை. ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் அது கலப்படக்காரனுக்கும் பயன்படும், அவனும் ஒரு பாக்கெட் அச்சடித்துக்கொள்வான்.

சோதிக்கவே முடியாது என்று ஒரு சாக்கு உண்டு. பனையின் இனிப்பும் சுக்ரோஸ், சீனியும் சுக்ரோஸ், கலந்துவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் பிரிக்க முடியாது என்கிறார்கள். பாதி உண்மை. சாதாரணச் சர்க்கரைச் சோதனையில் பிடிபடாதுதான். ஆனால் கரும்பு காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் வழி வேறு, பனை பிடிக்கும் வழி வேறு. தாவரவியலில் கரும்பை சி4 என்றும் பனையை சி3 என்றும் வகைப்படுத்துவார்கள். அதனால் இரண்டு சர்க்கரையிலும் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் வேறுபடும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்தியாவிலேயே இந்தச் சோதனை விதிகளில் இருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், டெக்கீலாவில் கரும்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கற்றாழையின் கார்பன் விகிதம் கரும்புக்கு நெருக்கமாக இருக்கும். கருப்பட்டியில் கண்டுபிடிப்பது சுலபம். கஷ்டமான சோதனைக்கு அங்கே மல்லுக்கட்டுகிறார்கள், சுலபமான சோதனையை இங்கே யாரும் கேட்கவே இல்லை.

சரி, கள்ளைப் பற்றிப் பேசாமல் பனையைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சீவல், ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். முன்னதற்கு மாநில மரத்தின் பானம் என்று பெருமை. பின்னதற்கு வழக்கு. 1987-ல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. பிறகு 2003-ல் மதுபானச் சில்லறை விற்பனையை முழுக்க அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அங்கே விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் ஆல்கஹால் 42.8 சதவீதம். கள்ளில் இருப்பது அதில் எட்டில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கேரளாவில் உரிமம் வாங்கிக் கள் விற்கலாம், புதுச்சேரியிலும் விற்கலாம். செங்கோட்டையைத் தாண்டி ஒரு மலை ஏறி இறங்கினால் தொழில், தாண்டாவிட்டால் குற்றம். மலைக்கு இந்தப் பக்கம் கலயத்தோடு நிற்கிற பனையேறி, சுண்ணாம்பு தடவியதை நிரூபித்துக்கொண்டே வாழ வேண்டும்.

டாஸ்மாக் பாட்டிலின் பொன்னிறத்தையும் யாரும் வயது என்று நினைத்துவிட வேண்டாம். மலிவு விலைச் சரக்கில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸிலிருந்து வடித்த வெறும் ஆல்கஹால். நிறம் கேரமல் கொடுத்தது, மணம் எசன்ஸ் கொடுத்தது. ஆக, பனங்கருப்பட்டிக்குள்ளே புகுந்ததும் கரும்பு, கள்ளின் இடத்தைப் பிடித்ததும் கரும்பு. கடலைத் தாண்டி இலங்கையில் தென்னங்கள்ளை வடித்து, மரத்தொட்டியில் வருஷக் கணக்கில் வைத்து, அரக்கு என்று பெயர் போட்டு, எத்தனை வருஷத்துச் சரக்கு என்று லேபிளில் எழுதி ஏற்றுமதி செய்கிறார்கள். கோவாவில் முந்திரிப் பழத்தில் செய்யும் ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு வாங்கினார்கள், பிறகு மாநிலத்தின் பாரம்பரிய பானம் என்றே அறிவித்தார்கள்.

உடனே ஒரு குரல் வரும்: "குடிகெட்ட ஊரில் இன்னும் குடிக்கவா சொல்கிறீர்கள்?" நியாயமான குரல்தான். சாராயம் இந்த மாநிலத்தில் தாலி அறுத்த கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அதைக் கண்டும் காணாமல் 'கள் ஒரு உணவு' என்று மேடையில் முழங்குவது பொறுப்பற்ற பேச்சு. கள்ளும் போதைதான். ஆனால் அந்தக் குரல் கேட்க வேண்டிய இடம் வேறு. அளந்து, மோந்து, இரண்டு மிடறில் நிறுத்துகிறவனை உருவாக்குவது ருசி. கடை மூடுவதற்குள் ஒரு குவார்ட்டரைத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் தொண்டையில் கவிழ்க்கிறவனுக்கு ருசியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நாக்கைத் தாண்டிப் போனால் போதும் என்றுதான் அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறான். நாக்கைச் சாகடித்துத்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. கள்ளைத் திறப்பதா வேண்டாமா என்பதை ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். அதுவரை கருப்பட்டியைக் காப்பாற்ற எந்தத் தடைச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லையே!

இன்னொரு குரல்: "வயிற்றுக்கு இல்லாதவனுக்கு ருசி எதற்கு?" இது கேட்க முற்போக்கு மாதிரி இருக்கும், உண்மையில் ஏழைக்கு எதிரான பேச்சு. கருப்பட்டி காய்ச்சும் பெண்ணிடம் விற்பதற்கு இருப்பது என்ன? நிலம் கிடையாது, மூலதனம் கிடையாது, பெரும்பாலும் மரமே குத்தகை. அவளிடம் இருக்கும் ஒரே சொத்து பதம் பார்க்கும் அந்தக் கை. அந்தக் கையின் வித்தியாசம் வாங்குபவனுக்குத் தெரிந்தால்தான் அதற்கு விலை. தெரியாவிட்டால் அவளுக்கும் சீனி மூட்டைக்கும் போட்டி. அந்தப் போட்டியில் அவள் ஒருநாளும் ஜெயிக்க மாட்டாள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் வந்த வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்றார்கள். பனங்கொட்டை நடும் திட்டம், ரேஷன் கடையில் பனைவெல்லம் என்றெல்லாம் அறிவித்தார்கள். பனங்கொட்டை ஊன்றும் விழாவுக்கு மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வருகிறார்கள். நல்லது. ஆனால் இன்றைக்கு ஊன்றிய கொட்டை பாளை விடும்போது அதில் ஏற ஆள் இருக்க வேண்டுமே? இருக்கிற மரத்தில் ஏறுகிறவருக்கே இந்த வருஷம் கட்டவில்லை என்றால், 20 வருஷம் கழித்து எவன் வருவான்?

செய்ய வேண்டியவை ரொம்பப் பெரிய விஷயங்கள் அல்ல. சீனி கலந்ததை விற்கத் தடை போட முடியாவிட்டால், அதற்கு வேறு பெயர் கொடுங்கள். டெக்கீலாக்காரன் '100 சதவீதம் கற்றாழை' என்று எழுதுகிற மாதிரி, '100 சதவீதம் பதநீர்' என்று எழுதுவதைச் சோதனைக்குப் பின்னால் மட்டுமே அனுமதியுங்கள். தேனுக்கு இருக்கும் கார்பன் சோதனையைக் கருப்பட்டிக்கும் கொண்டுவாருங்கள். எந்த வட்டாரம், எந்த வருஷத்துச் சீசன் என்று பொட்டலத்தில் போடச் சொல்லுங்கள். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களில் எடை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில், தரம் பார்க்க ஒரு பழுத்த பனையேறியைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். அவர் நாக்கு ஆய்வக மெஷினை விட மலிவு, பல நேரம் வேகமும்கூட.

இது அத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. கடையில் கருப்பட்டி வாங்கும்போது ஒரு துண்டு கேளுங்கள். வாயில் போடுங்கள். அரை நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். இனிப்புக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை என்றால், "அண்ணாச்சி, இதுல சீனி கெடக்கு" என்று பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வேறு கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஒரு தெருவில் நாலு பேர் அப்படிச் செய்தால் அண்ணாச்சி மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி விடிலிக்கு ஆள் அனுப்புவார். விலை அந்த வழியாகத்தான் மரத்தடிக்குப் போய்ச் சேரும்.